வெள்ளைப் பாஸ்பரஸ் முதல் பசுமைப் பட்டாசு வரை: ஒரு பெட்டியின் கதை



போன வாரம் எங்கள் வகுப்பில் ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள். தலைப்பு: "சுற்றுச்சூழலைக் காக்க நுகர்வோர் செய்யக்கூடியவை". ஆளாளுக்கு எழுதித் தள்ளிவிட்டார்கள். ஹைபிரிட் கார், எல்.ஈ.டி. விளக்கு, துணிப்பை, சூரிய அடுப்பு... நண்பன் ஒருவன் டொயோட்டா பிரியஸ் பற்றி மூன்று பக்கம் எழுதியிருந்தான். 1997-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த கார். பெட்ரோல் எஞ்சினும் உண்டு, மின்மோட்டாரும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை பேட்டரியில் சேர்த்து வைத்துக்கொள்ளும். நல்ல கார்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் தெருவில் மொத்தம் இருப்பதே இரண்டு கார், அதில் ஒன்று வாடகைக்கு ஓடுவது.

என் ஊர் ஆனைக்குட்டம். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில், அர்ச்சுனா நதியில் அணை கட்டியிருக்கிறார்களே, அந்த ஊர். இங்கிருந்து பார்த்தால் "நுகர்வோர்" என்ற சொல்லே வேறு மாதிரி தெரியும். மற்ற ஊர்க்காரர்கள் கடையில் நின்று எதை வாங்கலாம் என்று யோசிக்கிறார்கள். அவர்கள் யோசித்து முடிப்பதற்குள் இங்கே யாருக்கோ வேலை போயிருக்கும், இல்லை வந்திருக்கும். அதனால் நான் கார் பக்கமே போகவில்லை. எல்லார் வீட்டிலும் இருக்கும் தீப்பெட்டியையும், வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாரும் வாங்கும் பட்டாசுப் பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். தேடத் தேட கதை லண்டன் வரை போய்விட்டது!

19-ம் நூற்றாண்டில் விற்ற மலிவான தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. சுவர், செருப்பு, எதில் உரசினாலும் பற்றிக்கொள்ளும். வாங்குகிறவருக்கு வசதிதான். செய்கிறவருக்கோ நஞ்சு. அதன் ஆவியைத் தினமும் சுவாசித்தவர்களுக்கு முதலில் பல்வலி வரும், அப்புறம் ஈறு வீங்கும், கடைசியில் தாடை எலும்பே அழுகும். சிலருக்குத் தாடையையே வெட்டி எடுத்தார்கள். இத்தனைக்கும் மாற்று இல்லாமல் இல்லை. சிவப்புப் பாஸ்பரஸைப் பெட்டியின் பக்கவாட்டில் தடவிய பாதுகாப்புத் தீக்குச்சி ஸ்வீடனிலிருந்து வந்துகொண்டுதான் இருந்தது. விலை கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

1888 ஜூன் மாதம் லண்டனில் ஒரு கூட்டம். பிரயண்ட் அண்டு மே என்ற பெரிய தீப்பெட்டிக் கம்பெனியின் குச்சிகளை வாங்க மாட்டோம் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அந்தக் கம்பெனிப் பெண்களைப் போய்ப் பார்த்து, அவர்கள் படும் பாட்டைப் பத்திரிகையில் எழுதியவர் யார் தெரியுமா? நம் அன்னி பெசண்ட் அம்மையார்! பிறகு சென்னை அடையாறில் பிரம்மஞான சபைத் தலைவராக இருந்து, ஹோம் ரூல் இயக்கம் நடத்தினாரே, அவரேதான். அடுத்த மாதமே சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அபராதம் போடுவது நின்றது. பாஸ்பரஸ் மட்டும் நிற்கவில்லை.

1891-ல் சால்வேஷன் ஆர்மி (நம் ஊர்ப் பக்கம் இரட்சணிய சேனை என்பார்கள்) சொந்தமாகவே ஒரு தீப்பெட்டி ஆலை தொடங்கியது. வெள்ளைப் பாஸ்பரஸ் கிடையாது, கூலியும் அதிகம். சேனையின் ஆதரவாளர்கள் கடை கடையாய்ப் போய் "அந்தத் தீப்பெட்டி இருக்கிறதா?" என்று கேட்டுக் கடைக்காரரை நச்சரிக்க வேண்டும் என்று ஒரு சங்கமே வைத்திருந்தார்கள். சுற்றுச்சூழல் நுகர்வோர் என்று இன்றைக்குப் பேசுகிறோமே, அந்த வகைக்கு இவர்கள்தான் பாட்டன் பாட்டி என்பது என் எண்ணம்.

ஜெயித்தார்களா? பாதிதான். அவர்கள் பெட்டி விலை கூட. ஏழைகள் மலிவான பெட்டியைத்தான் வாங்கினார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1901-ல் அந்த ஆலை சேனையின் கையை விட்டுப் போனது. ஆனால் அதே 1901-ல் பிரயண்ட் அண்டு மே கம்பெனியும் வெள்ளைப் பாஸ்பரஸைக் கைவிட்டது. 1906-ல் பெர்ன் நகரில் பல நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. 1908-ல் பிரிட்டனில் தடைச் சட்டம், 1913-ல் இந்தியாவிலும் தடைச் சட்டம்.

இந்த 1913 என்ற வருஷத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1922-ல் சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்கு ரயிலேறினார்கள். பி. அய்ய நாடார், ஏ. சண்முக நாடார். தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-ல் ஊர் திரும்பினார்கள். மழை பொய்க்கும் பூமி, கையில் நேரம் இருக்கிற ஆட்கள், காய்ந்த காற்று. தீப்பெட்டிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இந்தக் கதையை எங்கள் ஊர்ப் பக்கம் பள்ளிக்கூடத்திலிருந்தே கேட்டு வளர்கிறோம். ஆனால் யாரும் சொல்லாத ஒன்று எனக்கு இந்தக் கட்டுரைக்காகத் தேடும்போதுதான் உறைத்தது. அவர்கள் கற்றுக்கொண்டு வந்தது 1913-க்குப் பிறகு. பத்து வருஷம் முந்திப் போயிருந்தால் வெள்ளைப் பாஸ்பரஸையும் சேர்த்தே கற்றுக்கொண்டு வந்திருக்கலாம். எங்கள் பக்கத்துப் பாட்டிகளுக்கு வயிற்றுக்காகக் குச்சி அடுக்கி விரல் தேய்ந்தது, நெருப்புக் காயம் பட்டது, எல்லாம் உண்டு. தாடை மட்டும் தப்பியது. முகமே தெரியாத லண்டன்காரர்கள் கடையில் நின்று வேறு பெட்டி கேட்டதற்கும் அதில் ஒரு சிறு பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

சரி, பட்டாசுக்கு வருவோம்.

தீப்பெட்டி மருந்து கலக்கத் தெரிந்த கைக்கு மத்தாப்பு ரொம்ப தூரம் இல்லை. 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் முறைப்படுத்தப்பட்ட பிறகு சிவகாசியில் பட்டாசு ஆலைகள் பெருகின. இன்றைக்கு நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்திலிருந்து போகிறது. இதற்கு எதிரான முதல் "வேண்டாம்" எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லாரும் டெல்லி என்பார்கள். எனக்குத் தெரிந்து அதற்கு ரொம்ப முன்னாலேயே பக்கத்திலிருந்தே வந்துவிட்டது. சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. 1977-ல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடி கிராமத்து மக்கள் நாற்பது வருஷத்துக்கும் மேலாகத் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் வந்து கூடு கட்டும் பருவம் தீபாவளியை ஒட்டியே வருகிறது. வெடிச் சத்தம் கேட்டால் பறவைகள் மிரளும் என்று ஊரே கூடி முடிவெடுத்தது. கோர்ட்டும் இல்லை, போலீசும் இல்லை. வனத்துறை தீபாவளிக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்வது வழக்கம். நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்திலும் இதே கதைதான்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் பட்டது. அந்த ஊர்ப் பிள்ளைகளும் ஆசையுள்ள பிள்ளைகள்தானே? வாங்காமல் இருப்பதும் ஒரு நுகர்வோர் முடிவுதான். ஆனால் அதற்கான விலையை அவர்களே கொடுக்கிறார்கள். டெல்லிக் கதையில் அப்படி இல்லை.

அந்தக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1999-ல் மத்திய அரசு வெடிச் சத்தத்துக்கு அளவு வைத்தது: வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. 2005-ல் உச்ச நீதிமன்றம் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கத் தடை போட்டது. 2015-ல் டெல்லியில் மூன்று கைக்குழந்தைகளின் பேரில் அவர்கள் பெற்றோர் வழக்குப் போட்டார்கள். நச்சுக் காற்று எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது என்பது குறை. டெல்லிக் குளிர்காலப் புகைக்கு வண்டி, தூசி, வயல் எரிப்பு என்று ஏகப்பட்ட காரணம் உண்டு, பட்டாசு மட்டுமே குற்றவாளி இல்லை. அதற்காகத் தீபாவளி ராத்திரிப் புகை பொய் என்றும் சொல்ல முடியாது. சிவகாசிக்காரன் என்பதற்காக நான் அதை மறைக்கப் போவதில்லை.

2018 அக்டோபர் 23-ம் தேதி தீர்ப்பு வந்தது. பசுமைப் பட்டாசு மட்டுமே செய்யலாம், விற்கலாம். வெடிக்க இரண்டு மணி நேரம் மட்டும் (தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று அரசு பிரித்துக் கொடுத்தது). பேரியம் உப்புகளுக்குத் தடை. சரவெடிக்கும் தடை.

பேரியம் என்பது என்ன? வாணவேடிக்கையில் பச்சை நிறம் தருவது அதுதான். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சக்கரம் எல்லாவற்றிலும் எரிவதற்கு ஆக்சிஜன் கொடுப்பதும் பேரியம் நைட்ரேட்தான். ஆக, பச்சையைத் தூக்கினால்தான் பச்சைப் பட்டாசு. வேதியியலுக்கும் நகைச்சுவை உணர்வு உண்டு போல! :)

சரவெடி விஷயத்தில் மட்டும் என்னால் சிரிக்க முடியாது. என் அம்மா சரம் பின்னுகிறவர். சின்னச் சின்ன வெடிகளின் திரியை நூலோடு சேர்த்து இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் பின்னிக்கொண்டே போக வேண்டும். ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலா என்று நீங்கள் ரோட்டில் விரித்துக் கொளுத்துவது அதுதான். பேச்சுக்கூடக் குறையாமல் கை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஒரேயடியாகச் சத்தமும் புகையும் குப்பையும் கூடுகிறது என்று நீதிமன்றம் சொன்ன காரணம் நியாயமானது. தீபாவளிக்கு மறுநாள் தெருவைப் பார்த்தவர்கள் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் நான் அப்போது எட்டாம் வகுப்பு. அந்தத் தீபாவளி முடிந்த கையோடு ஆலைகள் எல்லாம் இழுத்து மூடப்பட்டன. பசுமைப் பட்டாசு என்றால் என்ன, எந்த மருந்தில் செய்வது என்று யாருக்கும் தெளிவாகத் தெரியாது. மூன்று மாதத்துக்கு மேல் வேலை இல்லை. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனார், அது இல்லாத நாளில் வேலிக்கருவை வெட்டப் போனார். பொங்கலுக்குத் துணி எடுக்கவில்லை. சேதி அவ்வளவுதான், அழுது காட்ட வேண்டியதில்லை.

2019-ல்தான் ஆலைகள் மறுபடி திறந்தன. அந்த அக்டோபரில் நாக்பூர் நீரி நிறுவனத்தின் ஆய்வில் உருவான பசுமைப் பட்டாசை மத்திய அரசு வெளியிட்டது. அவற்றில் மூன்று வகை. "ஸ்வாஸ்" வெடிக்கும்போது நீராவியை விட்டுத் தூசியை அடக்கும். "ஸ்டார்" வகையில் பொட்டாசியம் நைட்ரேட்டும் கந்தகமும் இல்லை. "சஃபல்" வகையில் அலுமினியத்தின் அளவு குறைவு. நுண்தூசி குறைந்தது 30 சதவீதம் குறையும் என்பது கணக்கு. மீதி 70? அது காற்றில்தான். "பசுமை" என்ற பெயரைக் கேட்டு ஏதோ மூலிகை என்று நினைத்துவிடாதீர்கள்.

வாங்குகிறவர் அடையாளம் காண பெட்டியில் பச்சை முத்திரையும் க்யூஆர் குறியீடும் வைத்தார்கள். கொஞ்ச நாளில் அதற்கும் போலி வந்துவிட்டது! 2021 அக்டோபர் உத்தரவில் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லி வருத்தப்பட்டது. லண்டன்காரர்கள் கடைக்காரரைக் கேட்டால் போதும், பெட்டி வந்துவிடும். நாம் பெட்டி வந்த பிறகும் அது உண்மைதானா என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நேர்மையாகச் செய்கிற ஆலை செலவு செய்து மருந்தை மாற்றுகிறது, போலி ஆள் ஸ்டிக்கரை மட்டும் மாற்றுகிறான். விலை குறைவு என்று நாம் இரண்டாவது பெட்டியை வாங்கினால் முதல் ஆள் எத்தனை நாள் தாங்குவார்?

இடையில் தீப்பெட்டியை மறந்துவிட்டேனே. 2021 டிசம்பர் 1-ல் ஒரு ரூபாய்த் தீப்பெட்டி இரண்டு ரூபாய் ஆனது. 14 வருஷம் கழித்து ஏறிய விலை அது. அதற்கும் ஆள் குறைந்துகொண்டே போகிறது. காரணம், பெட்டிக்கடையில் தொங்கும் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர். தீர்ந்ததும் சாக்கடையில்தான் கிடக்கும். தமிழக முதல்வர் 2022-ல் மத்திய அரசுக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூனில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. குச்சி மக்கிவிடும், அட்டையும் மக்கிவிடும், லைட்டர் மக்காது. ஹைபிரிட் கார் வாங்க வழியில்லாத நான் இதை மட்டும் விடாமல் செய்கிறேன்: விடுதியில் கொசுவத்தி கொளுத்தக்கூடத் தீப்பெட்டிதான். (சிகரெட் எல்லாம் இல்லை, நம்புங்கள்!)

பேரியத்துக்கும் சரவெடிக்கும் விலக்கு கேட்ட மனுவை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2025 அக்டோபரில் டெல்லியில் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் 18 முதல் 21-ம் தேதி வரை அனுமதி கொடுத்தது. அந்தச் செய்தி டிவியில் ஓடியபோது எங்கள் தெருவில் கைதட்டினார்கள்.

அம்மா இப்போது சரம் பின்னுவதில்லை. கிப்ட் பாக்ஸ் அடைக்கிற வேலை. போன தீபாவளிக்கு முந்தின ஞாயிறு ஒரு பெட்டியை வீட்டுக்கு வாங்கி வந்தார். நான் மொபைலை எடுத்து க்யூஆர் குறியீட்டின் மேல் காட்டினேன். அம்மா எட்டிப் பார்த்தார்.

"தெனமும் ஆயிரம் பெட்டி என் கையில போகுது, இதுக்குள்ள என்னதான்யா எழுதியிருக்கு?"

வாசித்துக் காட்டினேன். பெயர், வகை, எந்த ஆலை, எல்லாம் சரியாக வந்தது. "அப்ப நல்ல பெட்டிதான்" என்று சொல்லிவிட்டு அதை அலமாரி மேல் தூக்கி வைத்தார்.