கோடு போட்டால் 30, ரோடு போட்டால் 55

வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு வரைபடத்தில் நேர்கோடு இழுத்தால் சுமார் 30 கிலோமீட்டர். பஸ் ஓடுவதோ ஏறக்குறைய 55. அந்தத் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். காட்ரோடு, டம்டம் பாறை, பண்ணைக்காடு பிரிவு, ஊத்து, பெருமாள்மலை என்று ஸ்டேஜ் ஸ்டேஜாக டிக்கெட் கிழித்த காலமெல்லாம் கூடுதலாக வரும் அந்த 25 கிலோமீட்டர் என் மனசில் ஓடிக்கொண்டே இருக்கும்.

எங்கள் ஊர் வத்தலக்குண்டு கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் அடிக்குச் சற்று மேலே. கொடைக்கானல் ஏழாயிரம் அடி. நடுவில் உள்ள ஆறாயிரம் அடியை வண்டி ஏற வேண்டுமென்றால், சரிவைக் குறைத்துக் குறைத்துப் பாதையை வளைத்துத்தான் விட வேண்டும். 1870களில் மேஜர் லா இந்த மலைச்சாலைக்குத் தடம் பார்த்தார். இன்றும் அது லாஸ் காட் ரோடுதான். ஆனால் அதில் மோட்டார் ஏறியது 1910களின் நடுவில்.

அதற்கு முன்பே கொடைக்கானல் ஊராகிவிட்டது. 1821இல் லெப்டினன்ட் வார்டு இந்த மலைகளை அளக்க வந்தார். சமவெளியின் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பயந்த மதுரை அமெரிக்க மிஷன்காரர்கள் 1845இல் மேலே இரண்டு பங்களா கட்டினார்கள். ஏறிய வழி எங்கள் பக்கத்து வழி அல்ல. பெரியகுளத்துக்கு அருகே கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து கிளம்பிய ஒற்றையடிப் பாதை. 1875இல் ரயில் வந்தபின், அம்மையநாயக்கனூரில் இறங்கி மாட்டுவண்டி பிடிப்பார்கள். வண்டி வத்தலக்குண்டைத் தாண்டி, முப்பது மைலுக்கு மேல் உருண்டு தோப்புக்குப் போய்ச் சேரும். அங்கிருந்து சுமார் 12 மைல் ஏற்றம். முடிந்தவர்கள் நடந்தார்கள், குதிரையில் போனார்கள். மற்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்துக் கூலியாட்கள் தூக்கிப் போனார்கள்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 மைலுக்குள் ஆறாயிரம் அடி என்றால், சராசரியாகப் பத்தடி நடப்பதற்குள் ஓரடி ஏற வேண்டும். பஸ் ஏறும் சரிவைப்போல் அது இரண்டு மடங்குக்கும் மேல். தூரம் குறைந்தது உண்மைதான். குறைந்த தூரத்தின் பாரமெல்லாம் தோள்களில் இறங்கியது. மேஜை நாற்காலி, அரிசி மூட்டை, கைக்குழந்தை எல்லாம் அப்படித்தான் மேலே போயின. 1899இல் கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் நிறுவப்பட்டது. சூரியப் புள்ளிகளில் வாயு ஓடும் விதத்தை வானியலாளர் எவர்ஷெட் அங்கே கண்டுபிடித்தது 1909இல். அன்றைக்கு மலைமேல் மோட்டார் ரோடு கிடையாது. உலகமே இன்று எவர்ஷெட் விளைவு என்று சொல்கிறது. அந்த ஆய்வகத்தின் கருவிகளுக்குத் தோள் கொடுத்தவர்களில் ஒருவர் பெயர்கூட நமக்குத் தெரியாது.

இது எனக்கு ஆறவில்லை. தடம் பார்த்தவர் பெயரில் சாலை இருக்கிறது. அளக்க வந்த வார்டின் பெயர் ஆவணங்களில் நிலைத்திருக்கிறது. சுமந்தவர்களுக்கு எதுவுமில்லை. கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பில் ஒரு கல் நட வேண்டும். அதில் மைல் கணக்கும், ஏறிய அடிக் கணக்கும், இந்த வழியில் சுமை தூக்கியவர்களைப் பற்றிய ஒரு வரியும் இருக்க வேண்டும். தேனி மாவட்டமும் திண்டுக்கல் மாவட்டமும் சேர்ந்து இதைச் செய்யலாம்; பாதை இரண்டுக்கும் பொதுவானது.