இடியோசைக்கு விடை கூறிய நூல்கள்: சிறுவர் வானிலை நூல்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வானம் முழங்கும்போது அஞ்சித் தாயின் சேலைத் தலைப்பைப் பற்றும் குழந்தை, அச்சம் சற்றுத் தணிந்ததும் கேட்கும் முதல் வினா ‘இது ஏன்?’ என்பதாகும். ஐரோப்பாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் சிறுவர்க்கென எழுந்த வானிலை நூல்கள் இவ்வினாவுக்குக் காலந்தோறும் வேறுவேறு விடைகளைக் கூறி வந்துள்ளன. அவ்விடைகளை ஒருங்கே வைத்து நோக்குவார்க்கு அறிவியலின் வளர்ச்சியைக் காட்டிலும், குழந்தையின் அறிவாற்றல் பற்றி முதியோர் கொண்டிருந்த எண்ணத்தின் மாற்றமே தெளிவாகப் புலப்படும்.

இவ்வரலாற்றைக் கொமேனியஸிலிருந்து தொடங்குதல் பொருத்தமாகும். மொறாவிய நாட்டுக் கல்வியாளரான அவர், 1658 இல் நியூரம்பேர்க் நகரில் ‘ஓர்பிஸ் பிக்ரஸ்’ என்னும் படநூலை வெளியிட்டார். இலத்தீன் மொழியையும் உலகத்துப் பொருள்களையும் ஒருங்கே கற்பிப்பதே அந்நூலின் நோக்கம். படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இடப்பட்டுள்ளது. அவ்வெண் கீழேயுள்ள வாக்கியத்திலும் வரும். காற்றுக்கும் முகிலுக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உள. நீரிலிருந்து ஆவி எழுந்து முகிலாகின்றது, முகிலிலிருந்து மழை துளியாக வீழ்கின்றது, அத்துளி உறைந்தால் ஆலங்கட்டியாகின்றது என அந்நூல் கூறுவனவற்றை இன்றைய ஆசிரியரும் பெருமளவுக்கு ஏற்பர். ஆனால் இடி என்பது முகிலைப் பிளந்து வெளிப்படும் கந்தகத் தன்மையுள்ள ஆவியினால் உண்டாவது என்றும், நிலநடுக்கம் நிலத்தின் கீழ் வீசும் காற்றினால் நிகழ்வது என்றும் அதே நூல் கூறுகின்றது. இவை கொமேனியஸின் கற்பனைகள் அல்ல. அரிஸ்டோட்டில் காலந்தொட்டு வழங்கிய கருத்துகளின் எச்சங்கள். கற்றோர் நம்பியதையே அவர் குழந்தைக்கும் கூறினார். குழந்தைக்கென ஒரு பொய்யைத் தனியே புனையாத அந்நேர்மை போற்றற்பாலது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நிலை மாறியது. 1752 இல் பெஞ்சமின் பிராங்ளின் காலத்துப் பரிசோதனைகள் மின்னல் என்பது மின்னே என நிறுவின. ஆயினும் அந்நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் இங்கிலாந்தில் சிறுவர்க்கென எழுதியோர் இயற்கையைக் கடவுளின் கருணையை உணர்த்தும் கருவியாகவே பெரிதும் கையாண்டனர். 1780 இல் சேரா றிமர் எழுதிய நூலின் தலைப்பே இயற்கையறிவையும் வேதநூல் வாசிப்பையும் ஒருசேர அறிமுகஞ் செய்வதாக அமைந்தது. இந்நெறியில் எழுந்த நூல்கள் காரணத்தைக் காட்டிலும் பயனையே வலியுறுத்தின. அவை பல, ஈண்டு விரித்தல் வேண்டா.

காரணத்தை மீண்டும் குழந்தையின் முன் வைத்தவர்களுள் இருவர் தனியே நோக்கத்தக்கோர். இலண்டன் றோயல் நிறுவனத்தில் 1825 இல் தொடங்கிய நத்தார்க்கால இளைஞர் விரிவுரைகள் வரிசையில், ஜோன் ரின்டல் பனிக்கட்டி, நீர், ஆவி, காற்று என்பன பற்றி உரையாற்றினார். அவ்வுரைகளின் வழிவந்த நூல் 1872 இல் வெளிவந்தது. ஆற்றை அதன் தோற்றுவாய் வரை பின்தொடருமாறு இளம் வாசகனை அழைத்துச் சென்று, மலைப் பனியாறு, முகில், கடல், ஞாயிற்றின் வெப்பம் எனப் படிப்படியாகக் காரணத்தின் காரணத்தை அவர் காட்டுகின்றார். ஆயின் மிகச் சிறுவர் அந்நடையோடு ஒத்து நடத்தல் அரிது.

அக்குறையை நிரப்பியவர் அரபெல்லா பக்லி. புவிச்சரிதவியலாளர் சாள்ஸ் லயலின் செயலாளராக அவர் 1875 இல் இறக்கும் வரை பணியாற்றிய இவ்வம்மையார், சிறுவர்க்கு ஆற்றிய பத்து விரிவுரைகளைத் தொகுத்து 1879 இல் ‘விஞ்ஞானத்தின் தேவதை நாடு’ என்னும் பொருள்படும் தலைப்பில் வெளியிட்டார். வெப்பம், ஈர்ப்பு, பளிங்காதல் முதலிய விசைகளைக் கண்ணுக்குப் புலனாகாத தேவதைகளாக உருவகித்து, ஒரு நீர்த்துளியின் பயணத்தை அவர் விரித்துரைத்தார். உருவகம் உண்மையை மறைக்குமன்றோ எனக் கேட்போர் உளர். பக்லி பெயரை மட்டுமே கதையுலகிலிருந்து கடன்பெற்றார். தேவதை செய்யும் தொழிலோ முற்றிலும் பௌதிகவியலுக்குரியது. பிற்காலத்தில் முகில்களுக்குக் கண்ணும் வாயும் வரைந்து அழவைத்தோர் இவ்வெல்லையைப் பேணவில்லை.

இவ்விரு நூல்களின் மையப்பொருள் நீரின் பயணமேயன்றி இடியன்று. இடிக்குரிய விளக்கமும் அக்காலத்தில் திருந்தி அமைந்திருக்கவில்லை. மின்னல் சென்ற வழியில் வெற்றிடம் உண்டாகின்றது, அதனுட் காற்று பாய்தலாலேயே ஓசை எழுகின்றது என்பதே பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் பரவலாக ஏற்கப்பட்டிருந்தது. மின்னலால் ஏறக்குறைய 30,000 பாகை செல்சியசுக்குச் சூடேறும் காற்று திடீரென விரிதலே காரணம் என்னும் கருத்து இருபதாம் நூற்றாண்டிலேயே உறுதிபெற்றது.

ஐந்து, ஆறு வயதினர்க்கென அக்கருத்தை எளிமையாக எழுதியவருள் முதன்மையானவர் பிராங்ளின் பிரான்லி. நியூயோர்க் இயற்கை வரலாற்று நூதனசாலையின் ஹெய்டன் கோள்மண்டலத்தில் வானியலாளராக விளங்கிய அவரும், வாசிப்புக் கல்வி அறிஞரான றோமா கான்ஸும் 1960 இல் ஒரு சிறுவர் விஞ்ஞான நூல்வரிசையைத் தொடக்கினர். 1957 இல் சோவியத் ஸ்புட்னிக் விண்ணிற் சென்றமையும், அதனாற் கலங்கிய அமெரிக்கா 1958 இல் இயற்றிய கல்விச் சட்டத்தின்வழிப் பள்ளிகளுக்கு விஞ்ஞான நூல்கள் வாங்கப் பணம் கிடைத்தமையும் இத்தகைய முயற்சிகளுக்குச் சூழலாயின. மழையும் ஆலங்கட்டியும் பற்றியும், பனிவீழ்ச்சி பற்றியும் 1963 இல் நூல்கள் வந்தன. இடிமின்னல் பற்றிய நூல் 1964 இல் வெளிவந்து, பின்னர் 1985 இலும் 1999 இலும் புதுக்கப்பட்டது. மின்னல் ஒரு பெரும் மின்பொறி; அது காற்றைச் சூடாக்குகின்றது; விரியும் காற்றே முழங்குகின்றது. இவ்வளவே விளக்கம். அடுத்து, மின்னலைக் கண்டதும் செக்கன்களை எண்ணுமாறு அந்நூல் குழந்தையைத் தூண்டுகின்றது. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ மூன்று செக்கன் ஆகும்; ஆதலின் எண்ணத் தெரிந்த குழந்தை புயலின் தொலைவைத் தானே அளந்துகொள்ளலாம். நடுங்கிய குழந்தை அவதானியாக மாறும் இவ்விடமே இந்நூல்வரிசையின் வெற்றி எனலாம்.

சொற்களில் இத்துணைக் கவனம் செலுத்தப்பட்டும், படங்களிற் பிழை நெடுங்காலம் நிலைத்தது. பனித்துகள் அறுகோண அமைப்புடையது என்பதை 1611 இலேயே கெப்ளர் ஆராய்ந்திருந்தார். எனினும் எட்டுக் கைகளையுடைய பனித்துகளைச் சிறுவர் நூல்களில் இன்றும் காணலாம். மழைத்துளியைக் கண்ணீர்த்துளி போல் மேலே கூராக வரைதலும் அத்தகையதே. விட்டம் 2 மில்லிமீற்றருக்குக் குறைந்த துளிகள் ஏறக்குறைய கோளவடிவின. பெரியவை அடிப்புறந் தட்டையாகிப் பணிஸ் போலாகும். வாசிக்கத் தெரியாத குழந்தைக்குப் படமே நூல் என்பதை எண்ணின், இதனைச் சிறுபிழையென ஒதுக்கல் இயலாது. இந்நூல்களிற் பெரும்பாலானவை நான்கு பருவங்களையும் பனியையும் இயல்பெனக் கொள்பவை என்பதும் குறிப்பிடத்தக்கது. வடகீழ்ப் பருவக்காற்றையே மழையென அறிந்த பிள்ளை அவற்றைப் புரட்டும்போது பிறநாட்டு வானத்தையே காண்கின்றது.

அண்மைக் காலத்தில் வானிலை நூல்களோடு காலநிலை மாற்றம் பற்றிய நூல்களும் சேர்ந்துள்ளன. 2010 இல் ஜோனா கோல் எழுதிய நூல் இதற்கு எடுத்துக்காட்டு. அதன் அடிப்படையான உண்மை பழையது: நீராவியும் காபனீரொட்சைட்டும் வெப்பத்தைக் கவர்தலை 1856 இல் யூனிஸ் ஃபூட் பரிசோதனையாற் சுட்டினார், சிறுவர்க்கு ஆற்றின் கதை கூறிய அதே ரின்டல் 1859 இல் வெப்பக் கதிர்கள் கொண்டு அதனை அளந்தறிந்தார். அக்கால இளைஞனுக்கு அச்சந்தராத அவ்வுண்மை, இன்றைய குழந்தையை அச்சுறுத்துவதாயிற்று. பிரான்லியின் குழந்தை சில செக்கன்கள் எண்ணி முடித்ததும் புயல் எவ்வளவு தொலைவில் என்பதை அறிந்துகொண்டது. விளக்கை அணைத்தல், மரம் நடுதல் என இன்றைய நூல்கள் தரும் செயல்களின் பயனையோ குழந்தை தன் கண்ணாற் காணவியலாது. எண்ணி அளக்கும் அத்தகைய ஒரு வழியை இப்புதிய பொருளுக்கு எழுதுவோர் இன்னும் கண்டறிந்திலர்.