பழைய மோட்டார் காரின் மின்கம்பிகள்: நிறங்கள் கூறும் வரலாறு

மோட்டார் காரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் இயந்திரத்தையே பேசுவர். காரின் உடலெங்கும் நரம்புபோல் ஓடும் மின்கம்பிகளின் வரலாறோ ஒரு மூலையில் ஒதுக்கப்படும். ஆயினும், அறுபது எழுபது ஆண்டு வயதுடைய ஒரு கார் இன்று வீதியில் ஓடுமா, கொட்டகையில் துருவேறிக் கிடக்குமா என்பதை முடிவு செய்வன பல வேளைகளில் அக்கம்பிகளே. அவற்றின் பழுதை அறிய விரும்புவோர் முதலில் அவற்றின் வரலாற்றை அறிதல் வேண்டும்.

தொடக்க காலக் கார்களில் மின்சாரத்துக்கு வேலை மிகக் குறைவு. பெட்ரோல் ஆவியைக் கொளுத்தும் பொறியை மேக்னெட்டோ என்னும் கருவி தந்தது. விளக்குகள் கார்பைடு வாயுவிலோ மண்ணெண்ணெயிலோ எரிந்தன. இயந்திரத்தைக் கிளப்ப முன்புறத்தில் கைப்பிடியைச் செருகிச் சுழற்ற வேண்டும். அது திடீரென எதிர்ப்புறம் சுழன்று கையை முறித்ததும் உண்டு. இந்நிலையை மாற்றியவர் அமெரிக்கப் பொறியியலாளர் சார்லஸ் கெட்டரிங். அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டின் காடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. ஸ்டார்ட்டருக்குப் பெரிய பாட்டரி வேண்டியதாயிற்று. பாட்டரிக்கு மின்னூட்ட டைனமோ வேண்டியதாயிற்று. மின்சாரம் கைக்கெட்டியபின் விளக்கு, ஹார்ன், கண்ணாடி துடைப்பான் ஆகியவையும் ஒவ்வொன்றாக அதனையே நாடின.

மின்சாரம் போவதற்கு வழி இருப்பதுபோல் திரும்புவதற்கும் வழி வேண்டும். ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பிகள் போட்டால் செலவும் எடையும் மிகும். ஆகவே, போவதற்கு மட்டும் கம்பியை இழுத்து, திரும்பும் வழியாகக் காரின் இரும்பு உடலையே அமைத்தனர். இதற்கு ‘எர்த்’ என்று பெயர். சிக்கனமான ஏற்பாடுதான். ஆனால், இரும்பு துருப்பிடிக்கும். துருவின் வழியே மின்சாரம் எளிதில் செல்லாது. பிற்காலப் பழுதுகள் பலவற்றுக்கு வித்து அங்கேயே ஊன்றப்பட்டது.

இதற்குத் தக்க எடுத்துக்காட்டு மோரிஸ் மைனர். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இக்கார் 1948இல் இலண்டன் கண்காட்சியில் வெளியிடப்பட்டது. பத்து இலட்சம் என்ற எண்ணிக்கையை எட்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. மலாயாவின் சாலைகளும் சிங்கப்பூரின் வீதிகளும் இதனை நன்கு அறியும். இதன் மின்கருவிகளைச் செய்தளித்தது பர்மிங்ஹாம் நகரின் லூக்காஸ் நிறுவனம்.

லூக்காஸ் வகுத்த நிறமுறை ஒரு மொழியைப் போன்றது. பழுப்புக் கம்பி பாட்டரியிலிருந்து நேரே வருவது. சாவியைத் திருப்பினாலும் திருப்பாவிட்டாலும் அதில் மின்சாரம் இருக்கும். வெள்ளைக் கம்பி சாவியைத் திருப்பிய பின்பே உயிர்பெறும். அவ்வெள்ளை பியூஸைக் கடந்து வெளிவரும்போது பச்சையாகும். நீலம் தலைவிளக்குக்கு, சிவப்பு பக்கவிளக்குக்கும் பின்விளக்குக்கும், மஞ்சள் டைனமோவுக்கு, கறுப்பு எர்த்துக்கு. இம்மொழியைக் கற்றவர் கம்பியின் நிறத்தைக் கண்டதும் அது எங்கிருந்து வருகிறது என்று சொல்லிவிடுவர்.

கற்றவர் பழுதைத் தேடுவதும் ஒரு முறையோடுதான். பச்சைக் கம்பியில் இணைந்தவை யாவும் ஒருங்கே நின்றுபோனால், ஒவ்வொன்றையும் கழற்றிப் பாராமல் பியூஸை முதலில் பார்ப்பர். மைனரின் பெட்ரோல் பம்பு மின்சாரத்தால் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் ‘டிக் டிக்’ என்று ஒலிக்கும். ஒலி இல்லையேல், வெள்ளைக் கம்பி பம்பு வரை மின்சாரத்தைக் கொணர்கிறதா என்று சோதனை விளக்கால் அறிவர். கொணர்ந்தால் பம்பையும் அதன் எர்த்தையும் ஆராய்வர். பிரேக்கை மிதிக்கும்போது சம்பந்தமில்லாத மற்றொரு விளக்கு மங்கலாக எரியுமானால், திரும்பும் வழி அடைபட்டு மின்சாரம் வேறு வழி தேடுகிறது என்று பொருள். அங்கே பல்பை மாற்றிப் பயனில்லை. எர்த் இணைப்பில் உள்ள துருவைச் சுரண்டிப் பளிச்சென்று ஆக்கினால் விளக்கு ஒழுங்காக எரியும்.

இதற்கு மாறாக, அறியாதவர் கைபட்டால் விளைவது கேடே. முற்காலக் கம்பிகள் இரப்பரால் மூடப்பட்டு, அதன்மேல் நூற்பின்னல் இடப்பட்டவை. காலப்போக்கில் இரப்பர் வெடித்து உதிரும். நூலின் நிறமும் மங்கும். அந்நிலையில் கையில் அகப்பட்ட கம்பியை ஒட்டுப்போட்டால் நிறமுறை குலையும்; அடுத்துப் பழுது பார்ப்பவர் கண்கட்டிய நிலையில் நிற்பார். மைனரில் பியூஸ்கள் இரண்டே. தலைவிளக்கு வழிக்குப் பியூஸ் கிடையாது. உரிந்த நீலக் கம்பி இரும்பைத் தொட்டால், தடுப்பதற்கு எதுவுமின்றிக் கம்பி காய்ந்து, கார் தீப்பற்றவும் கூடும்.

மற்றொரு செய்தி இன்னும் முக்கியமானது. இக்காலக் கார்களில் பாட்டரியின் எதிர்முனை உடலோடு இணைக்கப்படுகிறது. 1930களின் நடுப்பகுதியிலிருந்து 1960களின் பிற்பகுதி வரை பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் நேர்முனையே எர்த்தாக இருந்தது. டிரான்சிஸ்டர் கருவிகளும் ஆல்டர்னேட்டரும் பரவிய காலத்தில் இம்முறை கைவிடப்பட்டது. இவ்வரலாறு அறியாத ஒருவர் 1950களின் காரில் பாட்டரியை இன்றைய வழக்கப்படி இணைத்துவிட்டால், நேர்முனை எர்த்துக்கென அமைந்த டிரான்சிஸ்டர் வானொலி கெடும். டைனமோவும் முனைமாறிய பாட்டரியோடு ஒத்துப்போகாமல் அதன் கட்டுப்பாட்டுக் கருவியைக் கெடுக்கும். ஓர் ஆண்டுக் கணக்கை அறியாமையால் நேரும் இழப்பு இது.

லூக்காஸை ‘இருளின் இளவரசர்’ என்று கேலி செய்வது ஆங்கிலேயரிடையே பழைய வழக்கு. கேலியில் உண்மை சிறிது இருக்கலாம். ஆனால், பல்லாண்டு மழையும் புழுக்கமும் துருவேற்றிய இணைப்புகளின் குற்றத்தையும், முறையறியாது ஒட்டுப்போட்ட கைகளின் குற்றத்தையும் செய்தவர் தலையிலேயே சுமத்துவது நீதியன்று. செய்தவர் ஒழுங்கான ஒரு மொழியை வகுத்துத் தந்தார். பின்வந்தோர் அதனைப் படிக்க மறந்தனர்.

ஏட்டுச்சுவடியைப் பதிப்பிக்கும் அறிஞர், சிதைந்த சொல்லைக் கண்டவுடன் தம் மனம்போல் ஒரு சொல்லைப் பெய்வதில்லை. முன்னும் பின்னும் நோக்கி, மூலம் எதுவென்று ஆராய்ந்தே திருத்துவர். பழைய காரின் கம்பியைத் தொடுபவருக்கும் அவ்வடக்கமே வேண்டும். பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்த ஆண்டின் கம்பி வரைபடத்தை விரித்து, நிறத்தைப் படித்த பின்னரே கத்தரியை எடுப்பவரிடம் அவ்வண்டி பிழைத்து ஓடும்.