தோண்டியபின் எஞ்சும் தாள்

அகழாய்வில் கிடைத்த பொருளைக் காப்பது போலவே, ஏன் அதைவிடக் கவனமாகவே, அதன் களக்குறிப்புகளையும் காக்க வேண்டும். இதற்கான சான்று மும்பையின் புறநகரிலேயே இருக்கிறது. இன்றைய நாலாசோப்ராவில், பழைய சோபாரா துறைமுகத்தின் ஸ்தூப மேட்டை 1882 ஏப்ரலில் பகவான்லால் இந்திராஜி திறந்தார். உள்ளே ஒரு கல்பெட்டி, அதன் நடுவில் செம்புப் பேழை. அதற்குள் வெள்ளி, கல், படிகம், பொன் என ஒன்றினுள் ஒன்றாகச் சிமிழ்கள். உள்சிமிழில் மண்கலச் சில்லுகள். பேழையைச் சுற்றி எட்டு உலோகப் புத்த உருவங்கள். சாதவாகன மன்னன் யக்ஞஸ்ரீ சாதகர்ணியின் வெள்ளி நாணயம் ஒன்றும் உடனிருந்தது. நாணயம் 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. உருவங்களின் பாணியோ 8, 9ஆம் நூற்றாண்டுக்குரியது. ஆகவே, ஸ்தூபம் பிற்காலத்தில் மறுபடி திறக்கப்பட்டு உருவங்கள் வைக்கப்பட்டன என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அறுநூறு ஆண்டு கழிந்தும் அங்கே வழிபாடு உயிரோடு இருந்தது என்ற அரிய செய்தி இது. எது எதன் அருகில் இருந்தது என்று பகவான்லால் எழுதி அச்சிட்டிராவிட்டால், நம் கையில் அழகான சில பொருள்கள் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பொருள்தான் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கிறதே, புதிய அறிவியலைக் கொண்டு எப்போது வேண்டுமானாலும் ஆராயலாமே என்பார்கள். முதலாவதாக, பொருளும் தொலையும். 1839இல் கன்ஹேரிக் குகைத்தலத்தில் ஜேம்ஸ் பேர்டு எடுத்த திரைகூடக அரசர் காலச் செப்பேடு இன்று இல்லை. அவர் அச்சிட்ட படியை வைத்தே அதிலுள்ள, திரைகூடகர் ஆண்டுக்கணக்கின் 245ஆம் ஆண்டைப் படிக்கிறோம். இரண்டாவதாக, கரித்துண்டின் வயதை ஆய்வகம் கணித்துவிடும். அது எந்தக் குழியின் எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதைக் களக்குறிப்பேடுதான் சொல்லும். அது இல்லையேல் அந்த வயதை எதோடும் பொருத்த முடியாது. மறுபடி தோண்டியும் பார்க்க முடியாது, அடுக்கு அடுக்காகக் கலைத்துத்தானே கீழே இறங்கினோம்! குறிப்புகள் காலத்தோடு அச்சேறவும் வேண்டும். தாமிரபரணிக் கரையில், ஆதிச்சநல்லூரில், அலெக்சாண்டர் ரீ 1899 முதல் 1905 வரை தோண்டினார். அவர் கண்டெடுத்தவற்றின் பட்டியல் 1915இல் அச்சேறியது. 2004இலும் 2005இலும் நடந்த அகழாய்வின் அறிக்கையோ பத்தாண்டுக்கு மேலாகியும் வராமலே இருந்தது. வழக்கு மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போனது. நவீன முறைகள் கைவசம் இருந்த காலத்தில் நேர்ந்த இந்தத் தாமதத்தை என்னால் ஏற்க முடியவில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டால் போதும் என்பதும் அரைகுறைத் தீர்வுதான். குறிப்பேட்டின் சுருக்கெழுத்துகளும், பைகளில் ஒட்டிய எண்களும், வரைபடத்தின் கட்டங்களும் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தைத் தோண்டியவர்கள் இருக்கும்போதே எழுதி வாங்க வேண்டும். அதிகாரிகள் இடம் மாறுவார்கள், ஓய்வு பெறுவார்கள். எனவே குறிப்பேடுகளை ஆளிடம் விட்டுவைக்காமல் நிறுவனத்தின் சொத்தாகப் பதிவு செய்து, இன்னொரு பிரதியை வேறோர் ஊரில் வைத்து, அறிக்கைக்குக் காலக்கெடு விதித்த பின்னரே அடுத்த பருவத் தோண்டலுக்கு அனுமதி தர வேண்டும்.