குடமும் அச்சும்

இன்று தென்காசி மாவட்டத்தில் அடங்கும் சங்கரன்கோவில் வட்டாரத்தில் பருத்தியும் தானியமும் மாட்டுவண்டியில் ஏறிய காலத்தில், சக்கரத்தின் நடுக்கட்டையான குடமும் அதனூடே செல்லும் அச்சாகிய இருசும் ஒன்றுக்கொன்று பார்த்தே இழைக்கப்பட்டன. ஒரு வண்டியின் குடம் மற்றொன்றின் இருசில் தளரலாம், அல்லது இறுகலாம்.

இந்த நிலையை மாற்றியது சைக்கிள். 1949-ல் முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் போன்றவற்றின் வண்டிகள், முன்சக்கரத்துக்கு 32 கம்பி, சுமை தாங்கும் பின்சக்கரத்துக்கு 40 கம்பி என்ற ஆங்கிலேய வழக்கையே பின்பற்றியதால், குடத்தின் புதுப்பெயரான ஹப்பை எந்தக் கடையிலும் வாங்கி மாட்ட முடிந்தது. ஹப்பின் இரு வாய்களிலும் கிரீஸ் தடவி எஃகுக் குண்டுகளைப் பதித்து, அவற்றை அடக்கும் கூம்பு வடிவக் கோனை மெல்ல முடுக்கி, சக்கரம் ஆடாமலும் இறுகாமலும் சுழல்கிறதா என்று விரலால் தட்டிப் பார்ப்பதே பழுதுபார்ப்பவரின் கைத்திறனாக இருந்தது.

மலைச் சைக்கிள் வந்தபின் இந்தப் பொதுமை குலைந்தது. பின்அச்சு பொருந்தும் இடைவெளி 135 மில்லிமீட்டரிலிருந்து 142, 148 என விரிந்ததாலும், நிறுத்தத்தட்டைப் பொருத்தும் முறையும் பற்சக்கரம் ஏறும் உருளையின் வடிவும் தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடுவதாலும், சட்டத்தை அளந்த பிறகே ஹப்பைத் தேர வேண்டியிருக்கிறது. தச்சர் முன்பு செய்ததும் ஏறக்குறைய இதுவே, ஆனால் அவரிடம் அளவுகோலுக்குப் பதில் கயிறு இருந்திருக்கும்.