எடை குறைப்பு அறுவைக்குப் பின்னரான தைராக்சின் மருந்தளவு

எடை குறைப்பு அறுவைக்குப் பின்னரான தைராக்சின் மருந்தளவு என்பது, தைராய்டு குறைநிலைக்காக லெவோதைராக்சின் மாத்திரை உட்கொண்டு வரும் ஒருவர் உடற் பருமனைக் குறைக்கும் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பின்னர், அம்மருந்தின் நாளளவை மீண்டும் வரையறுப்பதைக் குறிக்கும். அறுவைக்குப் பின் உடல் எடை குறைவதால் மருந்தின் தேவை குறைகிறது. உணவுப் பாதை மாற்றியமைக்கப்படுவதால் மருந்து உறிஞ்சப்படுவதும் சிலரிடம் குறைகிறது. முதலாவது மாற்றத்துக்கு அளவைக் குறைக்க வேண்டும். இரண்டாவதற்குக் கூட்ட வேண்டும். இவ்விரண்டில் எது மேலோங்கும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். ஆகவே இவ்வளவு எடை குறைந்தால் இவ்வளவு மருந்தைக் குறைக்கலாம் என்னும் பொது வாய்பாடு எதுவும் இல்லை. குருதிச் சோதனையைக் கொண்டே மருத்துவர் அளவை முடிவு செய்கிறார்.

பின்னணி

தைராய்டு என்பது கழுத்தின் முன்புறத்தில் அமைந்துள்ள நாளமில்லாச் சுரப்பி ஆகும். இது சுரக்கும் முதன்மை இயக்குநீர் தைராக்சின் ஆகும். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பணியாற்றிய எட்வர்ட் கெண்டால் 1914 டிசம்பர் 25 அன்று இதனைத் தூய வடிவில் பிரித்தெடுத்தார். 1927 இல் சார்லஸ் ஹாரிங்டன், ஜார்ஜ் பார்கர் ஆகியோர் இதனைச் செயற்கையாகத் தயாரித்தனர். இன்று மாத்திரையாகக் கிடைக்கும் லெவோதைராக்சின் இவ்வியக்குநீரின் செயற்கை வடிவமாகும்.

இம்மருந்து மைக்ரோகிராம் கணக்கில் அளிக்கப்படுகிறது. ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும். எனவே சிறிய ஏற்றத்தாழ்வும் குருதிச் சோதனையில் தெரியும். இதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 7 நாட்கள் ஆகும். அதனால் அளவை மாற்றிய பின் உடல் புதிய சமநிலையை எட்டச் சில வாரங்கள் ஆகின்றன.

எடைக் குறைவின் விளைவு

தைராய்டு முற்றிலும் செயலிழந்த பெரியவர் ஒருவருக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 மைக்ரோகிராம் தேவைப்படும் என்பது தொடக்க மதிப்பீடு ஆகும். இதன்படி 110 கிலோகிராம் எடையுள்ளவருக்கு 176 மைக்ரோகிராமும், அவரே 75 கிலோகிராமுக்குக் குறைந்தால் 120 மைக்ரோகிராமும் தேவைப்படும்.

ஆனால் நடைமுறையில் இக்கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. தைராக்சினின் பெரும்பகுதி கொழுப்பு அல்லாத உடல் நிறையில், அதாவது தசையிலும் உள்ளுறுப்புகளிலும் பயன்படுகிறது. மருந்துத் தேவையைத் தீர்மானிப்பதில் மொத்த எடையை விட இந்நிறையே முதன்மையானது என்பதை 2005 இல் வெளியான இத்தாலிய ஆய்வு ஒன்று காட்டியது. அறுவைக்குப் பின் கரைவதில் பெரும்பகுதி கொழுப்பே. எனவே எடை மூன்றில் ஒரு பங்கு குறைந்தவருக்கு மருந்தும் மூன்றில் ஒரு பங்கு குறையும் எனக் கொள்ள முடியாது.

உறிஞ்சலில் ஏற்படும் விளைவு

மாத்திரை இரைப்பை அமிலத்தில் கரைந்து, பின்னர் சிறுகுடலில், பெரிதும் அதன் நடுப்பகுதியிலும் கடைப்பகுதியிலும் உறிஞ்சப்படுகிறது. வெறும் வயிற்றில் உட்கொண்டாலும் 60 முதல் 80 விழுக்காடு வரையே குருதியை அடைகிறது. இரைப்பை அமிலம் குறைந்தோருக்கு 22 முதல் 34 விழுக்காடு வரை கூடுதல் மருந்து தேவைப்பட்டதாக 2006 இல் உரோம் நகர ஆய்வாளர்கள் வெளியிட்டனர். அறுவையின் வகைக்கு ஏற்ப உறிஞ்சல் மாறக்கூடும்.

• குழல்வடிவ இரைப்பை அறுவை: இரைப்பையின் ஏறத்தாழ 80 விழுக்காடு நீக்கப்படுகிறது. அமிலம் சுரக்கும் பகுதி குறைகிறது, குடல் மாற்றப்படுவதில்லை. உலகில் இன்று மிகுதியாகச் செய்யப்படுவது இதுவே.
• ரூ வகை இரைப்பை மாற்றுவழி அறுவை: ஏறத்தாழ 30 மில்லிலீட்டர் கொள்ளளவுள்ள சிறு பை உருவாக்கப்பட்டு, அது சிறுகுடலின் நடுப்பகுதியுடன் நேரே இணைக்கப்படுகிறது. முன்சிறுகுடல் வழியே உணவு செல்வதில்லை.
• பித்த-கணைய நீர் திருப்ப அறுவை: சிறுகுடலின் பெரும்பகுதி உணவு வழியிலிருந்து விலக்கப்படுகிறது. உறிஞ்சல் குறைபாட்டுக்கு மிகுந்த வாய்ப்புள்ளது இதில்தான்.

முன்னர் செய்யப்பட்டு இன்று கைவிடப்பட்டுள்ள நடுக்குடல்-கடைக்குடல் இணைப்பு அறுவைக்குப் பின் தைராய்டு இயக்குநீரின் உறிஞ்சல் குன்றியதை 1979 இலேயே மருத்துவர்கள் பதிவு செய்தனர். தற்போதைய அறுவைகளில் இது அவ்வளவு கடுமையாக இருப்பதில்லை. எடை குறைப்பு அறுவைக்கான 2019 ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல், மருந்தைக் குறைக்க நேர்வதே பெரும்பான்மை என்றும், எனினும் ஒவ்வொருவருக்கும் சோதித்தே மாற்ற வேண்டும் என்றும் கூறுகிறது.

உணவும் பிற மருந்துகளும்

அறுவைக்குப் பின் வாழ்நாள் முழுவதும் சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து, உயிர்ச்சத்து மாத்திரைகள் தேவைப்படுகின்றன. இவற்றுள் முதல் இரண்டும் தைராக்சினுடன் குடலில் பிணைந்து அதன் உறிஞ்சலைத் தடுக்கின்றன. அறுவையை அடுத்துப் பரிந்துரைக்கப்படும் ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பிகளும் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும். காப்பியுடன் சேர்த்து உட்கொள்வதும் அவ்வாறே. எனவே குடலின் குறை என எண்ணப்படுவது சில வேளைகளில் நேர ஒழுங்கின் குறையாக இருக்கும். அளவைக் கூட்டுவதற்கு முன் இதனைச் சரிபார்ப்பது வழக்கம். பொதுவாகப் பின்பற்றப்படும் ஒழுங்கு வருமாறு:

• அதிகாலை: வெறும் வயிற்றில், தண்ணீருடன் லெவோதைராக்சின் மட்டும்.
• 30 முதல் 60 நிமிடங்கள் கழித்து: காப்பி, காலை உணவு.
• குறைந்தது 4 மணி நேரம் கழித்து: இரும்புச்சத்தும், இரும்பு கலந்த உயிர்ச்சத்து மாத்திரைகளும்.
• இரும்புச்சத்திலிருந்து 2 மணி நேரமாவது தள்ளி, பிற்பகலிலும் இரவிலும்: சுண்ணாம்புச்சத்து, பிரித்துப் பிரித்து.

காலையில் இயலாதோர், இரவு உணவுக்குக் குறைந்தது 3 மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் தைராக்சினை உட்கொள்ளலாம். அவ்வாறாயின் இரவுச் சுண்ணாம்புச்சத்தை முன்னதாக, 4 மணி நேர இடைவெளி அமையுமாறு மாற்ற வேண்டும்.

கண்காணிப்பு

டி.எஸ்.எச் எனப்படும் தைராய்டு தூண்டும் இயக்குநீரின் அளவே முதன்மைச் சோதனை ஆகும். மருந்து போதாதபோது இது உயரும்; மிகும்போது தாழும். பெரியவர்களில் இயல்பளவு பொதுவாக லீட்டருக்கு 0.4 முதல் 4.0 மில்லி அலகு வரை எனக் கொள்ளப்படுகிறது. மருந்தளவை மாற்றிய 6 முதல் 8 வாரங்களுக்குப் பின் மீண்டும் சோதிக்கப்படுகிறது. அறுவைக்குப் பிந்திய முதல் ஆண்டில் எடை தொடர்ந்து குறைவதால், ஒரு முறை சரியாக அமைந்த அளவும் சில மாதங்களில் பொருந்தாமல் போகலாம். எடை நிலைபெற்ற பின் ஆண்டுக்கொரு சோதனை பெரும்பாலும் போதுமானது. பின்னாளில் எடை மீண்டும் கூடினால் அளவும் மறுபடி ஆராயப்பட வேண்டும்.

கவனிக்க வேண்டியவை:

• முடி உதிர்வுக்காகப் பலரும் உட்கொள்ளும் பயோட்டின், சில ஆய்வுக்கூட முறைகளில் டி.எஸ்.எச் அளவைப் பொய்யாகக் குறைத்தும் தைராக்சின் அளவைப் பொய்யாகக் கூட்டியும் காட்டும். இதனை நம்பி மருந்தைக் குறைத்தால் நோயாளி உண்மையில் குறைநிலைக்குத் தள்ளப்படுவார். பயோட்டினைச் சோதனைக்குக் குறைந்தது 2 நாட்கள் முன்னரே நிறுத்த வேண்டும்.
• பிட்யூட்டரி சுரப்பியின் நோயால் தைராய்டு குறைநிலை உண்டானவர்களுக்கு டி.எஸ்.எச் பயன்படாது, கட்டற்ற தைராக்சின் அளவைக் கொண்டே முடிவு செய்யப்படுகிறது.
• தைராய்டுப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றோருக்கு டி.எஸ்.எச் இலக்கு வேறாக இருக்கலாம்.

அறிகுறிகள்

சோர்வு, முடி உதிர்வு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல் ஆகியன தைராய்டு குறைநிலையின் அறிகுறிகள் ஆகும். அறுவைக்குப் பின் உணவு குறைவதாலும் எடை விரைந்து இறங்குவதாலும் இவையே தோன்றக்கூடும். எனவே அறிகுறிகளை மட்டும் கொண்டு மருந்தைத் தாமாகக் கூட்டுவதும் குறைப்பதும் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

அளவு தவறுவதால் ஏற்படும் தீங்குகள்

எடை குறைந்த பின்னும் பழைய அளவே தொடர்ந்தால் மருந்து மிகையாகிறது. நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், தூக்கமின்மை ஆகியன தோன்றும். முதியோரில் இதயத் துடிப்பு ஒழுங்கற்றுப் போகும் இடர் உண்டு. எலும்பின் அடர்த்தியும் குறையும். எடை குறைப்பு அறுவையே எலும்பிழப்பை ஏற்படுத்தவல்லது என்பதால், குறிப்பாக மாதவிடாய் நின்ற பெண்களில் இவ்விரண்டும் சேர்வது கவலைக்குரியது. மாறாக மருந்து குறைந்தால் சோர்வும் குருதிக் கொழுப்பும் கூடும். எடை குறைவதும் தடைப்படலாம். எடையை மேலும் விரைந்து குறைக்கும் நோக்கில் தைராக்சினைக் கூட்டுவது பாதுகாப்பானது அன்று. எடைக் குறைப்புக்கு இதனைப் பயன்படுத்தலாகாது என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் மருந்தின் குறிப்பேட்டிலேயே கட்டமிட்டு அச்சிடப்படுகிறது.

கருவுறுதல்

எடை குறைந்த பின் பெண்கள் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது. அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருவுறுதலைத் தள்ளிவைக்க அறிவுறுத்தப்படுகிறது. கருவுற்றால் தைராக்சின் தேவை தொடக்க வாரங்களிலேயே உயர்கிறது. அது குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு இன்றியமையாதது. ஆகவே கருவுற்றது தெரிந்தவுடன் மருத்துவரை அணுகிச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.

மாற்று வடிவங்கள்

நேர ஒழுங்கைக் கடைப்பிடித்தும் டி.எஸ்.எச் உயர்ந்தே இருந்தால், நீர்ம வடிவிலோ மென்கூடுகளிலோ கிடைக்கும் லெவோதைராக்சின் அளிக்கப்படலாம். இவை கரைவதற்கு இரைப்பை அமிலத்தைப் பெரிதும் சார்ந்திருப்பதில்லை. 2013 இல் இத்தாலியில் நடந்த சிறு ஆய்வொன்றில், அறுவை செய்துகொண்டோர் மாத்திரையிலிருந்து அதே அளவு நீர்மத்துக்கு மாறியபோது டி.எஸ்.எச் குறைந்தது. அறுவையை அடுத்த ஓரிரு நாட்கள் மருந்து தவறினால், அதன் நீண்ட அரைவாழ்வுக் காலத்தால் பெரும் தீங்கு நேர்வதில்லை. பல நாட்கள் வாய்வழி உட்கொள்ள இயலாதவர்களுக்குச் சிரை வழியாக, வாய்வழி அளவின் ஏறத்தாழ 75 விழுக்காடு செலுத்தப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

• தைராய்டு சுரப்பி
• தைராய்டு குறைநிலை
• உடற் பருமன்
• இரைப்பை
• சிறுகுடல்