எல்லைக்கல்லும் சபையின் வயலும்

பிறனுடைய எல்லைக்குறியை ஒற்றிப்போடலாகாது என்பது மோசேயின் நியாயப்பிரமாணம். நாஞ்சில் நாட்டில் அக்குறி யாருக்காக நாட்டப்பட்டது என ஆராய்வது நமக்குத் தகும்.

1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இணைந்திருந்த இந்நாடு முன்பு திருவிதாங்கூர் அரசுக்கு உட்பட்டிருந்தது. வார்டு, கானர் என்னும் ஆங்கிலப் படையதிகாரிகள் 1816 முதல் 1820 வரை அவ்வரசின் நிலப்பரப்பை அளந்தனர். அது நாட்டை அறிவதற்கான அளவையேயன்றிக் குடிகளுக்கு உரிமை அளிப்பதன்று. சர்க்காருக்குரிய பண்டாரப்பாட்ட நிலங்களை உழுதோர்க்கு அவற்றை விற்கவும், பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லவும் முழு உரிமை நல்கியது 1865ஆம் ஆண்டு விளம்பரமே. பின்னர் 1880களில் தொடங்கிய நிலவரித் திட்டத்தில் நிலங்கள் அளந்து பதியப்பட்டன.

ஆயினும் உரிமை நிலத்தைப் பிடித்திருந்தோர்க்கே கிட்டியது. சேற்றில் நின்று உழைத்த அடிமைகளோ 1855 வரை தாமே பிறர் உடைமையாய் எண்ணப்பட்டனர். அவர்களது விடுதலைக்காக 1847இல் மிஷனெரிமார் மன்னருக்கு மனுச்செய்தது நமக்குப் பெருமையே. ஆனால் நாகர்கோவில் செமினரியைத் தொடக்கத்தில் தாங்கியதும் நெல்வயல்களின் வருவாயே. அவற்றை வாங்க இராணி கௌரி பார்வதிபாய் ஐயாயிரம் ரூபாய் ஈந்தார். அவ்வயல்களில் நாற்று நட்டவர் யார் என்னும் கேள்வி நம்மையும் சாரும்.

நிலம் கர்த்தருடையது என்று லேவியராகமத்திலிருந்து பிரசங்கிக்கிறோம். சேகரச் சொத்தின் பத்திரத்தை விரிக்கும் போதகர், அதில் எழுதப்பட்ட நான்கெல்லையோடு எழுதப்படாத பெயர்களையும் நினைவுகூரக் கடவர். நிலமற்ற குடும்பம் சபையின் வாசலில் நிற்கும்போது அந்நினைவு நம் தீர்மானங்களில் விளங்குவதாக.